பிச்சாவரம் துடுப்பு படகு: ரெண்டு மணி நேரம், அத்தையோட சேத்து அஞ்சு பேர்

ஜனவரி கடைசில சிதம்பரம் பக்கத்துல இருக்குற பிச்சாவரம் அலையாத்தி காட்டுக்கு போயிட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், அத்தை, ரெண்டு பசங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ போயிருக்கேன், ரெண்டு தடவையும் மோட்டார் படகு, பெரிய வாய்க்கால்ல ஒரு சுத்து சுத்தி போட்டோ எடுத்துட்டு வந்தாச்சு. இந்த தடவ துடுப்பு படகு எடுத்தோம். ரெண்டும் ஒரே இடம்தானான்னு எனக்கே சந்தேகமா போச்சு, அதான் உக்காந்து எழுதுறேன்.

மோட்டார் படகு அகலமான வாய்க்கால்ல மட்டும்தான் போக முடியும். துடுப்பு படகு உள்ள சந்து மாதிரி இருக்குற வாய்க்கால்லலாம் நுழையும், ரெண்டு பக்கமும் சுரபுன்னை மரத்தோட தாங்கு வேர் வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கியிருக்கும், தலைக்கு மேல கிளை மூடிக்கும், ஒரு இடத்துல படகுக்கார அண்ணன் துடுப்ப உள்ள இழுத்து வச்சுட்டு வேர கையால புடிச்சு தள்ளிதான் படக நகத்துனாரு. நாங்க எல்லாரும் குனிஞ்சுகிட்டோம். அந்த நேரத்துல சத்தமே இல்ல, வேருல ஒட்டியிருக்குற சிப்பிலேருந்து தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்தான். சின்னவன் சேத்துல ஒரு கை மட்டும் பெருசா இருக்குற நண்ட பாத்துட்டு அது அந்த கைய தூக்கி தூக்கி காமிக்குறத பத்து நிமிஷம் பேசாம பாத்துகிட்டே இருந்தான், அவன் அவ்ளோ நேரம் பேசாம இருந்து நான் பாத்ததில்ல.

எனக்கு முக்கியமா பட்டது படகுக்காரர்தான். அண்ணே இந்த காடு எப்பவும் இப்படியே இருந்துச்சான்னு கேட்டேன். இல்லம்மா, நடுவுல பாதி மொட்டையாயிடுச்சும்மா, எங்க அப்பாலாம் வாய்க்கா வெட்டுனாங்கன்னு ஆரம்பிச்சாரு. நான் வீட்டுக்கு வந்து தேடி படிச்சேன், அவர் சொன்னது அப்படியே சரி. பிரிட்டிஷ் காலத்துலேருந்து 1970கள் வரைக்கும் இங்க பகுதி பகுதியா மரத்த மொத்தமா வெட்டியிருக்காங்க. நிழல் போனதும் வெயில் நேரா சேத்து மேல அடிச்சு ஈரம் காஞ்சு தரை உள்ள இறங்கி பள்ளமாயிடுச்சு, ஏத்தத்துல வந்த கடல் தண்ணி திரும்பி போக வழியில்லாம அங்கயே தேங்கி வத்தி உப்பு ஏறி ஏறி கடைசில ஒரு செடியும் முளைக்கல. ரொம்ப நாளா ஊர்க்காரங்க மாடு மேய்ச்சு விறகு வெட்டிதான் காடு அழிஞ்சுச்சுன்னு பழி போட்டாங்க. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து பாத்துதான் தப்பு முக்கியமா அந்த மொத்த வெட்டுலன்னு சொன்னாங்க. அப்புறம் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து, மீன் முள்ளு மாதிரி நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், அதுலேருந்து சாய்வா ரெண்டு பக்கமும் சின்ன வாய்க்கால்னு வெட்டி, ஏத்தம் வத்தம் ரெண்டுலயும் தண்ணி போக வர வழி பண்ணி, கரையில வெண்கண்டல்ங்குற அலையாத்தி மரக் கன்னு நட்டிருக்காங்க. கூலிக்கு வந்து போன வேலையா இல்லாம ஊருக்கு ஊர் குழு வச்சு செஞ்சிருக்காங்க.

அண்ணன் ஒரு இடத்துல படக நிறுத்தி, மரத்துக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி நேரா போற ஒரு சின்ன வாய்க்கால காட்டுனாரு. ஆறு வளைஞ்சு போகும்மா, நேரா போனா மனுஷன் வெட்டுனதுன்னு அர்த்தம்னாரு. அதுக்கப்புறம் நாங்க வழி பூரா நேர் வாய்க்காலதான் தேடிகிட்டு வந்தோம். இன்னொன்னும் சொன்னாரு, டூரிஸ்ட் பாக்குற சுரபுன்னை எல்லாம் தண்ணி ஓரத்து வேலி மாதிரிதான், காட்டுல பெரும்பகுதி அதுக்கு பின்னாடி இருக்குற வெண்கண்டல்தான், மூச்சு வேர் சேத்துலேருந்து குச்சி குச்சியா நீட்டிகிட்டு நிக்கும்.

சுனாமி பத்தி அவரே சொன்னாரு. அவர் ஊரு காட்டுக்கு பின்னாடி. தண்ணி வந்துச்சும்மா, ஆனா ஓடி வரல, நடந்து வந்துச்சுன்னாரு. கடல் முகத்துல மணல்திட்டு மேல இருந்த குப்பங்களுக்கு அன்னைக்கு நடந்தது வேற. காட்டுக்கு பின்னாடி இருந்த எம்ஜிஆர் நகர், டி.எஸ். பேட்டை மாதிரி ஊர்லாம் தப்பிச்சத அப்புறம் ஆராய்ச்சிக்காரங்க நிறைய எழுதியிருக்காங்க. கடல்லேருந்து இருக்குற தூரமும் மேடும் கூட காரணம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதையும் ஒத்துக்குறேன், ஆனா அந்த மனுஷன் காட்ட பாத்து பேசுற விதம் எனக்கு மறக்காது.

திரும்பி வர்றப்ப இடுப்பளவு தண்ணில இருளர் அம்மா ரெண்டு பேர் எறா தடவிகிட்டிருந்தாங்க. வலையே கிடையாது, வெறும் கைதான், பனை ஓலை பறிக் கூடைய பல்லுல கவ்விகிட்டு, கைக்கு மாட்டுன எறாவ அதுக்குள்ள போட்டுகிட்டே நகந்தாங்க. அந்த நேரம் பாத்து ஒரு மோட்டார் படகு ஸ்பீக்கர்ல பாட்டு அலறவிட்டுகிட்டு போச்சு, அலை வந்து அந்த அம்மாங்க மேல அடிச்சு ரெண்டு பேரும் தடுமாறிட்டாங்க, படகுல இருந்த ஒருத்தர் காலி பாட்டில அப்படியே தண்ணில போட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அது அவங்க சோத்து தட்டுங்க, அதுலதான் குப்பைய போடுறோம். அண்ணன் ஒண்ணும் சொல்லாம துடுப்பால பாட்டில எடுத்து படகுக்குள்ள போட்டுகிட்டாரு, காலுகிட்ட ஏற்கனவே நாலஞ்சு கிடந்துச்சு.

அப்புறம் அத்தைக்கு நடந்தத சொல்லணும். வருஷா வருஷம் சிதம்பரத்துக்கு ஆனித் திருமஞ்சனம் பாக்க வர்றவங்க, தில்லை தில்லைன்னு வாய் ஓயாம சொல்வாங்க. கரையோரம் இலை செவந்து போயிருந்த ஒரு மரத்த காட்டி இதாம்மா தில்லை, சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்த மரம்னு அண்ணன் சொன்னதும் அப்படியே கும்பிட்டாங்க, அறுபத்தெட்டு வயசுல இப்பதான் முதல் தடவ பாக்குறேன்னாங்க. தொட போனாங்க, அண்ணன் பதறிட்டாரு, பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்மா, தள்ளியே இருந்து கும்பிட்டுக்கோங்கன்னு. யாரும் கிளைய ஒடிக்காதீங்க, அதுவும் பசங்க இருந்தா கவனம்.

2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்த இடம் இது, ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இன்னும் சினிமா ஷூட்டிங் ஸ்பாட்தான்.

போறவங்களுக்கு: சிதம்பரத்துலேருந்து கிள்ளை வழியா சுமார் 15 கிலோமீட்டர், பஸ் இருக்கு. காலைலயே போயிடுங்க, லீவு நாள்ல பத்து மணிக்கு மேல கூட்டம் தாங்காது. பறவை பாக்கணும்னா நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லாருக்கும், மே மாச வெயில்ல வயசானவங்கள கூட்டிட்டு போகாதீங்க. துடுப்பு படகு, அதுவும் ரெண்டு மணி நேரம் எடுங்க. கூட தொப்பி, தண்ணி, காலி பாட்டில திருப்பி எடுத்துட்டு வர ஒரு பை. படகுக்காரர்கிட்ட வாய்க்கால் வெட்டுன கதைய கேளுங்க, கேட்டாதான் சொல்வாங்க.