கிரிலா, ஓக்னிஸ்கோவா, இரும்புச் சட்டியா? போலந்துக் கோடையின் மூன்று நெருப்புகள்

மே மாதம் பிறந்துவிட்டால் கட்டோவிட்சே நகரத்தில் ஜன்னலைத் திறந்ததும் முதலில் உள்ளே வருவது கரிப்புகைதான். மே 1 தொழிலாளர் நாள். மே 3, போலந்து 1791இல் இயற்றிய அரசியலமைப்பின் நினைவு நாள். நடுவே 2ஆம் தேதி கொடி நாள். அதற்கு அரசு விடுமுறை கிடையாது, ஆனால் அன்றைக்கு அலுவலகத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கும். சனி, ஞாயிறும் ஒட்டிக்கொண்டால் இன்னும் நீளும் இந்த விடுப்புக்கு மயூஃப்கா என்று பெயர். போலந்துக்காரர்கள் வெளியே அடுப்பு மூட்டும் பருவம் அன்றுதான் தொடங்குகிறது.

நான் இங்கே வந்த முதல் ஆண்டு, அந்தப் பருவத்தில் மூன்று அழைப்புகள் வந்தன. "கிரிலுக்கு வா" என்றார் ஒருவர். "ஓக்னிஸ்கோ போடுகிறோம், வந்துவிடு" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னது பியெச்சோன்கி. அந்தச் சொல் என் கைபேசி அகராதியில் இல்லவே இல்லை. எல்லாம் பார்பிக்யூதானே என்று நினைத்துக்கொண்டு மூன்றுக்கும் ஒரே மாதிரி, கையில் ஒரு குளிர்பான பாட்டிலோடு போய் நின்றேன். நெருப்பு பொதுதான். யார் சமைக்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. கிரிலில் ஒருவர் சமைக்க, மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஓக்னிஸ்கோவில் அவரவர் சாப்பாட்டை அவரவரே சுட்டுக்கொள்ள வேண்டும். பியெச்சோன்கியில் மனிதர்கள் யாரும் சமைப்பதில்லை, சட்டி பார்த்துக்கொள்ளும்.

கிரில்: ஒருவர் ராஜ்ஜியம்

கிரில் போலந்துக்குப் பழைய பழக்கம் இல்லை. 1981 முதல் 1989 வரை இந்த நாட்டில் இறைச்சிக்கு ரேஷன் அட்டை இருந்தது. கம்யூனிச ஆட்சி முடிந்து கடைகள் நிறைந்த 1990களில்தான் தகர கிரிலும் மூட்டைக் கரியும் வீடு வீடாக வந்து சேர்ந்தன. இன்றைக்கும் ஒரு போலந்து கிரிலில் ஆளுக்கு மூன்று துண்டு என்று கறியை மலையாகக் குவிப்பதைப் பார்க்கும்போது, வரிசையில் நின்ற அந்தக் காலத்துக்குச் சேர்த்துவைத்துச் சாப்பிடுகிறார்களோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான், கேட்டால் சிரிப்பார்கள்.

நடக்கும் இடம் பெரும்பாலும் ஜாவ்கா. நகரத்து ஓரத்தில் அடுக்குமாடிக்காரர்களுக்குக் கிடைக்கும் குத்தகைத் தோட்டத் துண்டு அது. சட்டப்படி 500 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, நம் கணக்கில் ஏறக்குறைய 12 சென்ட். நாலு ஆப்பிள் மரம், ஒரு மரக்குடில், ஒரு ஊஞ்சல். விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "ரோடோஸ்" என்பார்கள். கிரேக்கத் தீவு ரோட்ஸ் என்று நினைத்து நான் வாயைப் பிளந்தேன். 'கம்பிவேலி போட்ட குடும்பத் தோட்டம்' என்பதற்கான போலிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருகிற கேலிப்பெயராம்.

மேடையின் நாயகன் கார்குஃப்கா, அதாவது பன்றியின் கழுத்துக் கறி. கட்டை விரல் கனத்துக்கு வெட்டி, கடுகு விழுது, பூண்டு, வெங்காயம், எண்ணெய், மிளகு, மர்ஜோரம் போட்டு முதல் நாள் இரவே ஊறவைத்துவிடுவார்கள். மர்ஜோரம் வேறொன்றுமில்லை, நம்மூரில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற மருதான். அதன் வாசனையைக் கறியில் முகர்ந்தபோது கோயில் வாசல் நினைவுக்கு வந்து சங்கடமாகிவிட்டது. கழுத்துக் கறியைத் தேர்ந்தெடுப்பதில் காரணம் இருக்கிறது. சதைக்குள்ளேயே கொழுப்பு நரம்பு நரம்பாக ஓடுவதால், சமைப்பவர் பேச்சு சுவாரஸ்யத்தில் ஐந்து நிமிடம் மறந்தாலும் காய்ந்துபோகாது. முதுகுக் கறியில் இந்த மன்னிப்பு கிடையாது, சக்கையாகிவிடும்.

என் குறை ஒன்று உண்டு. பல வீடுகளில் கம்பி வலைமேல் நேராக வைக்காமல் ஓட்டைபோட்ட அலுமினியத் தட்டை விரித்து அதன்மேல்தான் கறியைப் போடுகிறார்கள். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் புற்றுநோய் தரும் பொருள்கள் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தட்டில் தேங்கும் கொழுப்பிலேயே கறி வதங்கிவிடுகிறது. கரி வாங்கி, ஊதி, கண் எரிந்து, கடைசியில் கிடைப்பது தோசைக்கல்லில் வாட்டிய சுவை.

கஷான்கா எனக்குக் கிரிலிலேதான் பிடிக்கும். ரத்தமும் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளும் பக்வீட் அல்லது பார்லி நொய்யும் சேர்த்து அடைத்த கறுப்புத் தொத்திறைச்சி அது. வெங்காயத்தோடு அலுமினியத் தாளில் பொட்டலமாகக் கட்டித் தணலோரம் வைத்தால், பிரிக்கும்போது உதிர் உதிராக வரும். நம் ஊர் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. கட்டோவிட்சே இருக்கும் சைலீசியா வட்டாரத்தில் இதன் உறவினன் க்ருப்னியோக்; இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டு இங்கே நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிரிலில் ஒரு வழி இருக்கிறது: புகையூட்டிய மலைப் பாலாடைக்கட்டியை வாட்டி, மேலே சிவப்பு கிரான்பெரி ஜாம் வைத்துத் தருவார்கள். "ஒஸ்ட்சிபெக் சாப்பிடு" என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தால் அது ஒஸ்ட்சிபெக் இல்லை. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு பெற்ற அசல், டாட்ரா மலையடிவாரத்தில் குறைந்தது 60 சதவீதம் செம்மறி ஆட்டுப்பால் சேர்த்துச் செய்வது. நூல் நூற்கும் கதிர் வடிவில் 17 முதல் 23 சென்டிமீட்டர் நீளம், 600 கிராமுக்குக் குறையாத எடை. கிரிலுக்கு வரும் குட்டிகள் பெரும்பாலும் பசும்பால்தான். சுவையில் குறை சொல்ல மாட்டேன். கண்டிப்பான சைவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: அசலில் பால் உறையக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள்.

ஓக்னிஸ்கோ: அவரவர் குச்சி

ஓக்னிஸ்கோ என்றால் திறந்தவெளி விறகு நெருப்பு. குளிர்காயும் நெருப்பும் இதுதான், சமையல் நெருப்பும் இதுதான். 1918இல் உருவான போலந்துச் சாரணர் சங்கம் தொட்டு, பள்ளிச் சுற்றுலா, பிறந்தநாள், அலுவலக ஒன்றுகூடல் வரை எல்லாமே இதைச் சுற்றித்தான். கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், வாசிக்கத் தெரியும் என்று நினைப்பவர் ஒருவர், கட்டாயம் இருப்பார்கள். ஜூனில் வார்சாவில் சூரியன் மறையவே இரவு 9 மணி ஆகிவிடும். அதனால் நெருப்பு நெருப்பாகத் தெரியத் தொடங்குவதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்திருக்கும்.

உணவு ஒன்றே ஒன்று: குச்சியில் குத்திய கியெவ்பாசா, அதாவது தொத்திறைச்சி. எந்தத் தொத்திறைச்சி என்பதில்தான் சூட்சுமம். ஷ்லோன்ஸ்கா போன்றவை ஏற்கெனவே புகையூட்டி, வெந்நீரில் வேகவைத்து விற்பவை. சூடேற்றி, தோலை மொறுமொறுப்பாக்கினால் போதும். ஆறு வயதுக் குழந்தை கையில் குச்சியைக் கொடுத்துச் சமைக்கவிட இந்த மக்கள் தயங்காததற்கு அதுவே காரணம். உள்ளே வேகவில்லையே என்ற கவலை யாருக்கும் இல்லை. கார்குஃப்காவை இப்படிச் சுட முடியுமா? பச்சைக் கறி, அரை மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? வெள்ளைத் தொத்திறைச்சியிலும் வேகவைக்காதது விற்கிறது. தெரியாமல் அதை வாங்கிக்கொண்டு ஓக்னிஸ்கோவுக்குப் போகாதீர்கள், நான் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் இரக்கப்பட்டுத் தங்களுடையதில் பாதி தந்தார்கள்.

குச்சிக்கு ஹேசல் கிளைதான் நல்லது என்பார்கள்: நேராக வளரும், பச்சையாக இருந்தால் சட்டென்று தீப்பிடிக்காது. பைன் கிளை கூடாது, பிசின் நாற்றம் கறியில் ஏறும். தொத்திறைச்சியின் இரு முனைகளையும் கத்தியால் கூட்டல் குறிபோல் கீறிவிட வேண்டும். சூட்டில் அவை பூவாக விரிந்து, ஓரங்கள் கருகி மொறுமொறுப்பாகும். அந்த ஓரம்தான் ருசி. கொழுந்துவிட்டு எரியும் தீயில் நீட்டினால் வெளியே கரி, உள்ளே குளிர். தணல் பக்கமாகப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். எல்லாருக்கும் இது தெரியும், ஆனாலும் எல்லாரும் முதல் தொத்திறைச்சியைக் கருக்கத்தான் செய்கிறார்கள்.

பக்கவாத்தியம் எளிமை: ரொட்டி, கடுகு விழுது, கெட்சப், கோடையில் மட்டும் கிடைக்கும் அரை உப்பு வெள்ளரி. டில் என்ற சதகுப்பைக் கீரையும் பூண்டும் உப்புநீரும் சேர்த்து இரண்டு மூன்று நாள் மட்டும் ஊறவைத்த மாவோசோல்னே வெள்ளரிதான் கொழுப்பை வெட்ட அங்கே இருக்கும் ஒரே ஆயுதம். தட்டும் இல்லை, நாற்காலியும் பெரும்பாலும் இல்லை. ஒரு கையில் குச்சி, மறு கையில் ரொட்டி, புகை எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் கண்ணைத் தேடியே வரும்.

இடம்தான் இதன் பெரிய சிக்கல். காட்டுக்குள்ளும் காட்டு எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் தீ மூட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. வனத்துறை குறித்துக்கொடுத்த இடங்களில் மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்ட இடங்களில் கல் வட்டமும் மரப் பெஞ்சும், சிலவற்றில் கூரையும் உண்டு. நல்ல வெயில் ஞாயிறு என்றால் காலையிலேயே போய் இடம்பிடிக்க வேண்டும்.

பியெச்சோன்கி: சட்டி பார்த்துக்கொள்ளும்

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். கட்டோவிட்சேக்குக் கிழக்கே ப்ரினித்சா ஆற்றைத் தாண்டினால் சொஸ்னோவியெட்ஸ், சாக்வெம்பியே வட்டாரம். போலந்து பங்குபோடப்பட்டிருந்த காலத்தில் இந்தக் கரை பிரஷியாவிடம், அந்தக் கரை ரஷ்யாவிடம். இரு கரைக்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்வது இன்றும் நிற்கவில்லை. க்ருப்னியோக் இந்தக் கரையின் பெருமை என்றால் பியெச்சோன்கி அந்தக் கரையின் பெருமை. வடக்கே சவியெர்ச்சே பக்கம் போனால் இதே பண்டம் ப்ராஜோன்கி ஆகிவிடும், தெற்கே துஷோன்கி. இரும்பு வார்ப்புக்குப் பழைய பெயருள்ள போரெம்பா ஊரில் இதற்கு 'உலகத் திருவிழா'வே நடத்துகிறார்கள். உலகத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார்களா தெரியாது.

மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி. மூடியைத் திருகாணி போட்டு இறுக்கும் அமைப்பு. அடியிலும் சுற்றிலும் முட்டைகோஸ் இலை விரித்து, அதன்மேல் பன்றிக் கொழுப்புத் துண்டு, வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், கொஞ்சம் பீட்ரூட், தொத்திறைச்சி, உப்பு, மிளகு, மறுபடி உருளைக்கிழங்கு. சட்டி நிறையும்வரை அடுக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலேயும் கோஸ் இலையால் மூடி, திருகாணியை இறுக்கி, எரியும் விறகுக்கு நடுவே வைத்துவிட வேண்டும். காய்கறியின் ஈரமே ஆவியாகி வேகவைக்கும், கொழுப்பு அடியில் வறுக்கும், கருகும் பொறுப்பைக் கோஸ் இலை ஏற்றுக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் வேலை இல்லை. முதல் முறை நான் மூடியருகே குனிந்தபோது வீட்டுப் பெரியவர் அதட்டினார்: "திறக்காதே, அது உன்னைவிட நன்றாகச் சமைக்கும்!" பாதியில் திறந்தால் ஆவி போய்விடும்; மறுபடி இறுக்கினாலும் கிழங்கு ஒரு பக்கம் மாவாகவும் மறுபக்கம் பச்சையாகவும் நிற்கும். மூடி ஓரத்து ஆவியில் கொழுப்பு வறுபடும் வாசனை வந்ததும் இருவர் சேர்ந்து சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். திறந்ததும் கருகிய மேல் இலையை எடுத்து எறிந்துவிட்டு, அடிவரை கரண்டி விட்டு அள்ளினார்கள். பீட்ரூட் சிவப்பேறிய கிழங்கு, அடியில் பொன்னிறமாக ஒட்டிய காந்தல். அந்தக் காந்தலுக்குப் பெரியவர்களும் அடித்துக்கொண்டார்கள். தொட்டுக்கொள்ள அல்ல, குடிக்க மோர் வந்தது. போலந்துக்காரர்கள் மாஷ்லாங்கா என்கிறார்கள், உப்பும் பெருங்காயமும்தான் இல்லை.

குறைகள்? அமர்ந்து சாப்பிடத் தட்டும் மேசையும் வேண்டும். சட்டி கனம், பேருந்தில் கொண்டுபோக முடியாது. நான்கு பேருக்கு மூட்டுவது வீண், எட்டுப் பத்துப் பேர் வேண்டும். கொழுப்புக்குப் பதில் வெண்ணெயும் தொத்திறைச்சிக்குப் பதில் காளானும் போட்டுச் சைவமாகச் செய்யலாம், அருமையாகவே வரும். ஆனால் இருபது வருடம் பன்றிக் கொழுப்பு ஊறிய சட்டியில் செய்தால் அது எந்த அளவுக்குச் சைவம் என்பது அவரவர் மனசாட்சி.

ஆகவே யாராவது அழைத்தால் இப்படி யோசியுங்கள். ஊருக்குப் புதியவர், மொழி தெரியாது என்றால் ஓக்னிஸ்கோ. கையில் குச்சி இருப்பதால் பேச்சு வராவிட்டாலும் சும்மா நிற்பதாகத் தெரியாது. பசியோடு போகிற ஆள் என்றால் கிரில் வேண்டாம். சிறு கிரிலில் ஒரு முறைக்கு ஐந்தாறு துண்டுதான் வேகும், முதல் சுற்று குழந்தைகளுக்கு, இரண்டாம் சுற்று மாமியாருக்கு. சமைத்தவர் எப்போதும் நின்றுகொண்டே, ஆறியதைச் சாப்பிடுவார். பியெச்சோன்கியில் எல்லாருக்கும் ஒரே நொடியில் சாப்பாடு, ஒரே சூட்டில்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டி தோற்கும். செப்டம்பரில் கிழங்கு தோண்டும் பருவத்தில், ஓக்னிஸ்கோ அடங்கிய பிறகு கழுவாத உருளைக்கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்துவைப்பார்கள். எல்லாரும் பாடி ஓய்ந்து, குளிர் ஏறத் தொடங்கும் நேரத்தில் குச்சியால் கிளறி எடுத்து, கை மாற்றிக் கை மாற்றி ஊதி, கரித்தோலை உடைத்து உப்பு தொட்டுச் சாப்பிடுவார்கள். விரலும் உதடும் கறுத்துப்போகும். வீட்டுக்குத் திரும்பும் டிராமில் முகத்தைப் பார்த்தே எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்துவிடும்.