ஊட்டி மலைக்கு எம்ஜிபி: ரேஸ் கியரா, டைப் 9-ஆ?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு கியர் பெட்டி தேய்ந்துவிட்டால் கண் போவது இரண்டின் மேல்தான்: நேராக வெட்டிய பற்கள் கொண்ட க்ளோஸ் ரேஷியோ (கியர்களுக்கிடையே விகித இடைவெளி குறைந்த) ரேஸ் செட், அல்லது ஃபோர்டு சியராவில் வந்த ஐந்து கியர் பெட்டியான டைப் 9.

ரேஸ் செட் பழைய கியர் பெட்டியின் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். நேர்ப்பல் என்பதால் தண்டின் போக்கில் தள்ளும் விசை கிடையாது. கியர் மாற்றும்போது ஆர்பிஎம்மும் அதிகம் விழாது. ஆனால் முதல் கியரின் விகிதம் சுமார் 2.5தான்; இந்த எண் குறைந்தால் இழுவையும் குறையும். மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முன்னால் ஒரு ஜீப் நின்றுவிட்டால், மறுபடி எடுப்பதற்குள் க்ளட்ச் கருகும். இறக்கத்தில் என்ஜின் பிடிப்பும் குறைவு. பற்களின் ஊளை வேறு, வழி முழுக்க.

டைப் 9-இல் முதல் கியர் 3.65, நின்ற இடத்திலிருந்து சுலபமாக ஏறும். ஐந்தாவது கியர் மேட்டுப்பாளையம் தாண்டிய சமவெளிக்கு நிம்மதி. இரண்டாவது 1.97 என்பதால் வளைவை விட்டு வெளியே வரும்போது இழுவை கொஞ்சம் தொய்யும். பெல் ஹவுசிங் (என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடு), புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு) எல்லாம் மாற்ற வேண்டும்.

டிராக்குக்கு மட்டும் என்றால் ரேஸ் செட், சரி. ஊட்டியில் வைத்து ஓட்டும் காருக்கு நான் டைப் 9தான் சொல்வேன். கழற்றிய பழைய பெட்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள்.