மார்பில் ஒரு கிலோ: கரடிக் காட்டில் கைத்துப்பாக்கியோடு ஆறு வருடம்

முதல் வருடம் என் துப்பாக்கி முதுகுப் பையின் மேல் ஜிப்புக்குள் கிடந்தது. செப்டம்பர் மாதம், ஹயலைட் கேன்யனில் எமரால்டு ஏரிக்குப் போகும் பாதையில் ஒரு வளைவு திரும்பினேன், இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு கிரிஸ்லி கரடி, பின்னால் குட்டி. தாய் பின்னங்கால்களில் எழுந்து நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. நான் ஓடவில்லை, கத்தவில்லை, மெதுவாகப் பேசிக்கொண்டே பின்வாங்கினேன், அதுவும் குட்டியைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து, பையைக் கழற்றி ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். பதினொரு நொடி. கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதாவது முப்பது மீட்டரை இரண்டு நொடியில் கடந்துவிடும். பைக்குள் இருந்த துப்பாக்கி அன்றைக்கு எனக்கு வெறும் பாரம்தான்.

நான் இருப்பது மொன்டானாவில், போஸ்மன் பக்கம். ஊரிலிருந்து நண்பர்கள் கூப்பிட்டால் மனிதர்களுக்குப் பயந்தா துப்பாக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். கரடிக்காகத்தான். இங்கே கிரிஸ்லியும் கருங்கரடியும் இருக்கின்றன, மலைச்சிங்கம் (பூமா) இருக்கிறது, கன்றோடு நிற்கும் மூஸ் என்ற பெரிய மான் இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி எதிர்ப்படும்.

வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள், அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. நண்பனுடையதை ஒரு நாள் இரவல் வாங்கிப் போனாலும் சட்டச் சிக்கல்தான். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்குப் போனேன். 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து கையில் கொடுத்தார்கள்.

முதலில் வாங்கியது .44 மேக்னம் ரிவால்வர். கரடி என்றால் பெரிய தோட்டா என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டேன். ஆறு தோட்டா, ஒரு கிலோவுக்கு மேல் எடை. முதல் குண்டு சுட்டதும் மணிக்கட்டு வரைக்கும் அதிர்ந்தது, குழல் வானத்தைப் பார்த்தது, அதைக் கீழே இறக்கி இரண்டாவது குண்டைச் சுடுவதற்குள் ஒன்றரை நொடி போய்விட்டது. அதைவிட மோசமானது என்னவென்றால், உதைக்குப் பயந்து நான் சுடுவதற்கு முன்னாலேயே கண்ணை மூட ஆரம்பித்தேன். இருபது குண்டுக்கு மேல் பயிற்சி செய்ய முடியாத துப்பாக்கியை ஆபத்து நேரத்தில் நம்ப முடியாது. கை பலமும் பழக்கமும் உள்ளவர்களுக்கு அது அருமையான கருவி. எனக்கு ஒத்துவரவில்லை, ஒரு வருடத்தில் விற்றுவிட்டேன்.

அடுத்து வாங்கியது கிளாக் 20, 10 மில்லிமீட்டர் தோட்டா. ஐந்து வருடமாக இதுதான். மேகஸினில் பதினைந்து தோட்டா, முழுசாக நிரப்பினால் இதுவும் ஒரு கிலோவைத் தாண்டும். ஆனால் உதை தாங்கக்கூடியது, குறி திரும்பச் சீக்கிரம் வந்துவிடும். தோட்டா நீளமாக இருப்பதால் பிடி தடிமன்தான், சின்னக் கை உள்ளவர்கள் கடையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், என் மனைவிக்கு அது சரிப்படவில்லை.

தோட்டா விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. மனிதர்கள் தாக்கினால் தற்காப்புக்கு என்று விற்கும், உள்ளே போனதும் விரியும் குழிமுனைத் தோட்டா கரடிக்கு ஏற்றதில்லை. தடித்த தோல், கொழுப்பு, தசை, எலும்பு இத்தனையையும் தாண்டி ஆழமாகப் போக வேண்டும், அதற்கு 200 முதல் 220 கிரெய்ன் (தோட்டா எடையைச் சொல்லும் சிறு அளவு) எடையுள்ள, விரியாத கடின ஈயத் தோட்டாதான் இங்கே எல்லோரும் போடுவது. விலை அதிகம். அதனால் பயிற்சிக்கு மலிவான 180 கிரெய்ன், காட்டுக்கு இது. ஆனால் உங்கள் துப்பாக்கியில் அது சிக்காமல் ஓடுகிறதா என்று குறைந்தது ஐம்பது குண்டாவது சுட்டுப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய பெட்டியில் இரண்டு தோட்டா பாதியில் சிக்கிக்கொண்டன. காட்டில் சிக்காமல் சுட்டுப் பழகும் ரேஞ்சில் சிக்கியதே என்று நிம்மதியாக இருந்தது.

எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்கும் முதல் கேள்வி, எங்கே மாட்டப் போகிறீர்கள் என்பதுதான். முதுகுப் பையின் இடுப்புப் பட்டை இடுப்பு உறையை மூடிவிடும், பட்டையைத் தளர்த்தினால் தோள் வலிக்கும். மார்பில் குறுக்காக மாட்டும் உறை ஒன்றுதான் பையோடு ஒத்துப்போகிறது. பை போட்டிருந்தாலும், குனிந்தாலும், ஓடையில் இறங்கினாலும், ராத்திரி கூடாரத்தில் பையைக் கழற்றினாலும் துப்பாக்கி அதே இடத்தில் இருக்கும். முதலில் வாங்கிய உறையின் கொக்கி இரண்டாவது கோடையிலேயே உடைந்தது, நல்ல வேளை, வீட்டு வாசலில். இப்போது இருப்பது டிரிகரை முழுசாக மூடும் கெட்டியான பிளாஸ்டிக் உறை. கிளாக்கில் கட்டைவிரலால் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது, அதனால் டிரிகர் மூடியிருப்பது உயிரைக் காக்கிற விஷயம். பழைய தோல் உறை நைந்து மடங்கி டிரிகருக்குள் போக வாய்ப்பிருக்கிறது, அதை நான் தொடவே மாட்டேன்.

மார்பு உறையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. உருவும்போது குழல் உங்கள் இடது கையைத் தாண்டித்தான் வரும், இடது கை எங்கே இருக்கிறது என்று உடம்புக்கே பழகியிருக்க வேண்டும். வீட்டில் தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்றுத் துப்பாக்கியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் உருவிப் பழகுகிறேன். தொடங்கியபோது நான்கு நொடி, இப்போது இரண்டுக்குப் பக்கம். விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் மூன்றாகிவிடுகிறது.

அப்புறம் பியர் ஸ்பிரே, கரடி மேல் அடிக்கும் மிளகாய்க் காரம். இது இல்லாமல் துப்பாக்கியை மட்டும் கொண்டு போகிறவர்களோடு நான் சேர்ந்து நடப்பதில்லை. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், நெருக்கத்தில் கரடியைச் சந்தித்து ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. கைத்துப்பாக்கி பற்றி 2012-இல் வந்த ஆய்வில் 84 சதவீதம் முறை கரடியைத் தடுத்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி சம்பவங்கள் இல்லை என்பதால் நேராக ஒப்பிட முடியாது, ஆனாலும் நடுங்கும் கையால் ஓடிவரும் தலையைக் குறிபார்ப்பதைவிட மேகம் மாதிரி அடிப்பது எளிது என்பது எனக்குப் புரிகிறது. நானே ஒரு முறை அடித்திருக்கிறேன். மூன்றாம் வருடம், கூடாரத்தை நோக்கி வந்துகொண்டே இருந்த கருங்கரடி, எட்டு மீட்டரில் இடது கையால் அடித்தேன். எதிர்க்காற்று, பாதி என் முகத்துக்கே வந்தது, கண் அரை மணி நேரம் எரிந்தது. கரடி ஓடிவிட்டது. வலது கை துப்பாக்கிப் பிடியில் இருந்தது, வெளியே வரவில்லை. ஒரு உயிரைக் கொல்லாமல் திரும்பினோம் என்பதில் எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் சந்தோஷம்.

அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். உயிரைக் காக்கச் சுட்டால் சட்டம் ஒப்புக்கொள்ளும், ஆனால் உடனே அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும், விசாரணை நடக்கும். எல்லோஸ்டோன், கிளேசியர் மாதிரி தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரியிலிருந்து அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், பார்வையாளர் மையக் கட்டடங்களுக்குள் கொண்டு போகக் கூடாது. கிளேசியரிலிருந்து எல்லை தாண்டி கனடாவின் வாட்டர்டனுக்கு நடக்கிறவர்கள் கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஸ்பிரேக்கே அனுமதி இல்லை. போவதற்கு முன் அந்த இடத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோடையில் மார்பு வியர்வை உப்பு எல்லாவற்றிலும் இறங்கும், திரும்பி வந்ததும் துடைத்து எண்ணெய் விடுகிறேன், ஒரு முறை சோம்பியதில் குறிமுனைத் திருகில் துரு பிடித்தது. ஒவ்வொரு முறையும் அதே தோட்டாவையே குழலறையில் ஏற்றி இறக்கினால் அதன் ஈயமுனை உள்ளே தள்ளப்பட்டு அழுத்தம் ஏறும், அதனால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கிறேன். வீட்டுக்குள் வந்தால் துப்பாக்கி ஒரு பூட்டுப் பெட்டியில், தோட்டா இன்னொன்றில். பன்னிரண்டு வயதுப் பையன் இருக்கிற வீடு, இதில் ஒரு நாளும் விதிவிலக்கு கிடையாது.

அவனும் இந்த வருடம் முதல் எங்களோடு முழு நாள் நடக்கிறான். மிளகாய்க் காரம் இல்லாத பயிற்சி ஸ்பிரே ஒன்று வாங்கிக் கொடுத்து, பாதுகாப்புக் கிளிப்பைத் தட்டிவிடுவது, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது, கரடிக்கு முன்னால் தரையைப் பார்த்து அடிப்பது எல்லாம் கொல்லைப்புறத்தில் பழக்கிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு மூன்று நொடிக்குள் எடுத்துவிட்டான்.