டயரில் உரசும் டைனமோவா, ஹப் டைனமோவா, சார்ஜ் லைட்டா?

மதுரை சிம்மக்கல்லில் வேலை, ஊருக்கு வெளியே துவரிமானில் வீடு. கடை அடைத்துக் கிளம்ப ராத்திரி 10 ஆகிவிடும். கோச்சடை வரைக்கும் சைக்கிளுக்கு லைட்டே வேண்டாம், ஊர் வெளிச்சமே போதும். அதைத் தாண்டி மேலக்கால் ரோட்டில் இறங்கிய பிறகுதான் நம்மிடம் இருப்பது விளக்கா மின்மினியா என்று தெரியும். எதிரே வந்த லோடு வேன் கண்ணைக் கூச வைத்துவிட்டுப் போன மறு நொடியில், ரோட்டோரம் படுத்திருக்கும் எருமையை எது காட்டுகிறதோ அதுதான் என் கணக்கில் நல்ல லைட்டு. 12 வருஷத்தில் மூன்று வகையையும் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

சார்ஜ் லைட்டை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. ஹேண்டில்பாரில் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டினால் வேலை முடிந்தது. ஒயரும் இல்லை, மிதிக்கப் பாரமும் இல்லை, சிக்னலில் நின்றாலும் எரியும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் இருட்டில் போகிறவர்கள் இதை வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இத்தோடு மடித்து வைத்துவிடலாம். தினமும் போகிறவனுக்குத்தான் தொல்லை. சார்ஜ் போட மறந்த நாளில்தான் கடையில் நேரமாகும். சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுப்போனால் லைட்டைக் கழற்றிப் பையில் போட வேண்டும், இல்லையென்றால் வேறு யாராவது கழற்றிவிடுவார்கள். போதாக்குறைக்கு சித்திரை வெயிலில் லித்தியம் பேட்டரியை நாள் முழுக்கக் காயவிட்டால் அதன் ஆயுசு குறையும். நான் வைத்திருந்தது இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில் துவரிமான் வருவதற்குள் கண்ணை மூடிவிட்டது.

இனி டைனமோ. டயரின் பக்கவாட்டில் உரசி, 'ர்ர்ர்' என்று பாடிக்கொண்டே வருமே, சீசா வடிவத்தில் இருக்கும் அந்தப் பழைய 'பாட்டில் டைனமோ'. லைட் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடித்து நிறுத்திய காலத்து ஆட்களுக்கு அதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு காயில், அவ்வளவுதான். 6 வோல்ட் 3 வாட், 12 வோல்ட் 6 வாட் என்று இரண்டு விதமாக எழுதி விற்பார்கள். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் வருவது அரை ஆம்பியர்தான். டைனமோவின் குணமே அதுதான். ஓரளவு வேகம் வந்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் கரண்ட் அரை ஆம்பியரை ஒட்டியே நிற்கும். காயிலே தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

இதன் பெரிய பலம், வேண்டாதபோது டயரை விட்டு விலக்கிவிடலாம். பகலில் சைக்கிள் சைக்கிளாகவே ஓடும். விலையும் சில நூறு ரூபாய்க்குள். பலவீனம், உரசுகிற வழியிலேயே பாதிக்கு மேல் வீணாகிறது. 3 வாட் எடுக்கக் காலில் 10 வாட் வரைகூடக் கேட்கும். சாவகாசமாக மிதிப்பவர் மொத்தமே 75 வாட் அளவுதான் தருகிறார் என்னும்போது, அந்த 10 வாட்டை முழங்காலே சொல்லிவிடும். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், லைட் கண் சிமிட்டும்.

ஆனால் டைனமோவைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கோணலாக மாட்டியவர்கள். டைனமோவின் நடு அச்சைக் கற்பனையில் நீட்டினால் அது வீல் ஆக்சிலின் மையத்தில் போய் முட்ட வேண்டும். ஆக்சில் நட்டில் ஒரு நூலைக் கட்டி டைனமோ முதுகோடு சேர்த்து இழுத்துப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். என்னுடையதில் விரல் அகலம் கோணல் இருந்தது. திருப்பி முறுக்கிய அன்றே பாட்டுச் சத்தம் பாதியானது, டயரும் மாவு மாவாக உதிர்வது நின்றது. சில டயர்களின் பக்கவாட்டில் வரிவரியாக ஒரு தடம் இருக்கும். அது டைனமோவுக்காகவே விட்டது, உருளை அதன் மேல்தான் உட்கார வேண்டும். இன்னொன்று, முன்ஃபோர்க்கில் மாட்டாதீர்கள். கிளாம்ப் லூசாகி டைனமோ ஸ்போக்ஸுக்குள் போனால் ஆள் தலைகுப்புறத்தான். பின்பக்கம் சீட்டுக்குக் கீழே இறங்கும் கம்பியில் மாட்டுங்கள். ஒயர் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

ஹப் டைனமோ வேறு ஜாதி. முன்வீலின் ஹப்புக்குள்ளேயே, அதாவது ஸ்போக்ஸ் வந்து சேரும் நடுக் குடத்துக்குள்ளேயே, காந்தமும் காயிலும். உரசல் இல்லை, சத்தம் இல்லை, மழையும் தூசியும் ஒன்றும் செய்வதில்லை. புதுசும் இல்லை: இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் 1930-களிலேயே விற்றது. இன்று ஷிமானோ, ஜெர்மனியின் ஷ்மிட் இரண்டும் பேர் போனவை. லைட் எரியும்போது காலில் 6 வாட் போலக் கேட்கும், அணைத்துவிட்டால் ஒன்றிரண்டு வாட். ஓட்டுகிறவனுக்கு இருப்பதே தெரியாது.

விலை ஆயிரங்களில் என்பது ஒரு பக்கம். நம்ம ஊர் 28 இஞ்ச் சைக்கிளில் மாட்டுவதில் வேறு சிக்கல் இருக்கிறது. நல்ல சேதி, முன் ரிம்மில் 32 ஓட்டை, ஹப் டைனமோவும் 32 ஓட்டையில் கிடைக்கிறது. கெட்ட சேதி, ஹப்பின் அகலம் 100 மில்லிமீட்டர், ஆக்சில் 9 மில்லிமீட்டர். நம்ம ஃபோர்க் அதைவிடக் குறுகல், ஆக்சில் உட்காரும் பிளவும் சின்னது. அரம் போட்டு ராவி, ஃபோர்க்கைப் பக்குவமாக விரிக்க வேண்டும். ஹப்பின் தட்டு பெரிசு என்பதால் பழைய ஸ்போக்ஸ் நீளம் சரிவராது, புதிதாக அளந்து வீல் கட்ட வேண்டும். ராடு பிரேக் ரிம்மைத்தான் பிடிக்கிறது, அதனால் அதற்குத் தொந்தரவு இல்லை. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ராவு வேலை எதுவும் இல்லை, வீல் கட்டும் கூலி மட்டும்தான்.

எந்த டைனமோவானாலும் பல்பை விட்டுவிடுங்கள். மஞ்சள் பல்பு வாட்டுக்குப் பத்து லூமன் (வெளிச்சத்தின் அளவு) கொடுத்தாலே பெரிது, எல்இடி நூறு கொடுக்கும். முன்னால் 2.4 வாட், பின்னால் 0.6 வாட் என்று பல்பு போட்ட காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முன் பல்பு போனால் அடுத்த நிமிஷமே பின் பல்பும் போகும். அந்த அரை ஆம்பியர் எங்காவது போயாக வேண்டும், மிச்சமிருக்கும் சின்ன பல்பைச் சுட்டுவிட்டுப் போகும். பின்விளக்கு சதி செய்கிறது என்று எங்கப்பா கடைசிவரை நம்பினார்.

இனி ஒயரிங். டைனமோ எது என்பதைவிட லைட்டின் தலையெழுத்தை எழுதுவது இதுதான்.

பழைய டைனமோவில் ஒரே ஒயர்தான் வரும். திரும்பும் வழி சைக்கிளின் ஃபிரேம். என் லைட் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் அணைந்து எரிந்தபோது நான் டைனமோவை மாற்றினேன், பல்பை மாற்றினேன். கடைசியில் மாசி வீதிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் கிளாம்பைக் கழற்றிக் காட்டினார். அடியில் பச்சை பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. "பெயின்ட்டுக்கு மேல முறுக்குனா கரண்டு எங்கிட்டுத் தம்பி போகும்?" உப்புத்தாளால் ரெண்டு தேய். அன்றைக்கு எரிந்தது. அடுத்த ஐப்பசி மழையில் தேய்த்த இடம் துருவேறி மறுபடி அணைந்தது. அதற்குப் பிறகு ஃபிரேமை நம்புவதே இல்லை. டைனமோ உடம்பிலிருந்து லைட் வரைக்கும் இரண்டாவது ஒயர் ஒன்றை இழுத்துவிட்டேன், அதோடு தீர்ந்தது.

எல்இடி போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டைனமோ கொடுப்பது ஏசி, எல்இடிக்கு வேண்டியது டிசி. அதனால் நடுவில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு நாலு வைத்து பிரிட்ஜ் கட்டுவோம். டையோடில் 1N5819 என்ற ரகத்தைப் போட்டால் 1N4007 ரகத்தைவிட வோல்டேஜ் இழப்பு குறைவு. பாட்டில் டைனமோவின் ஒரு முனை அதன் உடம்பு, அதாவது ஃபிரேம். எல்இடியின் மைனஸ் எங்காவது ஃபிரேமைத் தொட்டால் ஒரு டையோடு அப்படியே ஷார்ட். எதுவும் எரிந்துபோகாது, கரண்ட்தான் அரை ஆம்பியரைத் தாண்டாதே. ஆனால் பாதி அலை லைட்டுக்குப் போகாமலே சுற்றிவிட்டு வரும். வெளிச்சம் மங்கல், மெதுவாகப் போனால் ஒரே துடிப்பு. டைனமோ வீக் என்று முடிவு கட்டிவிடுவோம். லைட்டின் இரும்புக் கூட்டுக்கும் எல்இடிக்கும் நடுவே பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்தாலே போதும். மல்டிமீட்டர் இருந்தால் டைனமோ ஒயரைக் கழற்றிவிட்டு மைனஸையும் ஃபிரேமையும் தொட்டுப் பாருங்கள், பீப் வரக்கூடாது.

துடிப்பைக் குறைக்க, கரண்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துத் தரும் கண்டென்சர் வைப்பவர்கள் என்னைப் போல 16 வோல்ட் கண்டென்சர் வைக்காதீர்கள். ஒரு நாள் எல்இடி கால் ஈயம் விட்டுப் போனது. கரண்ட் போக வழியில்லாத டைனமோ வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், வேகமாக மிதித்தால் பத்துக் கணக்கில். ஹெட்லைட்டுக்குள் 'பட்' என்று ஒரு சத்தம், பிறகு நாற்றம். இப்போது குறுக்கே, வோல்டேஜ் அளவு மீறினால் கரண்டுக்கு வழிவிடும் ஒரு ஜீனர் டையோடு காவல் இருக்கிறது. நின்றால் அணையாமல் இருக்க 1 ஃபாரட் சூப்பர் கண்டென்சர் வைத்த ரெடிமேட் பின்விளக்குகள் வருகின்றன. காளவாசல் சிக்னலில் நிற்கிறவனுக்கு அது அவசியம்.

என் தேர்வு கேட்டால்: ராத்திரி தினமும் போகிற, கியர் சைக்கிள் வைத்திருக்கிற ஆளுக்கு ஹப். என்னைப்போல 28 இஞ்ச்காரனுக்குப் பாட்டில் டைனமோ, இரண்டு ஒயர், எல்இடி. ஹப் டைனமோ வீலை ஆறு மாசம் தம்பி சைக்கிளில் கடன் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சர் கடையில் முன்வீலைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன கனெக்டரைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. என் சைக்கிளில் மிச்சமிருப்பது ஒரு வேலைதான். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரைத் தளர்வாக ஒரு வளையம் விடாமல் இழுத்துக் கட்டியிருக்கிறேன், உள்ளே இழை ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வேண்டும்.