ஆவணப்படத்தை முடிக்க: வீட்டு லேப்டாப்பா, அந்தேரி ஸ்டுடியோவா?

ஷூட்டிங் முடிந்து 40 மணி நேர ஃபுட்டேஜ் இருக்கிறது, பணம்தான் இல்லை. மும்பை செம்பூர் வீட்டிலேயே உட்கார்ந்து முடிப்பதா, அந்தேரியில் ஷிஃப்ட் கணக்கில் ஸ்டுடியோ எடுப்பதா?

எடிட்டுக்கு வீடுதான். ஆவணப்படத்தில் கதையே எடிட்டில்தான் பிடிபடும். ஷிஃப்ட் வாடகை ஓடும்போது நிதானமாக யோசிக்க முடியாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். ஒரிஜினல் ஃபைலை அப்படியே டைம்லைனில் போட்டால் லேப்டாப் திணறும். எடிட்டுக்கு மட்டும் பயன்படும் லேசான நகலான ப்ராக்ஸியை 1080பி புரோரெஸ் ஃபார்மட்டில் போடுங்கள்: ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்குச் சுமார் 17 ஜிபி, மொத்தம் 680 ஜிபி. ஒரு டிபி எஸ்எஸ்டியில் அடங்கும். ஃபைல் பெயரையோ, ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்ணான டைம்கோடையோ மாற்றிவிட்டால், கடைசியில் ப்ராக்ஸிக்குப் பதில் ஒரிஜினலை இணைக்கும் ரீலிங்க் நடக்காது. ஒரிஜினலுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வெவ்வேறு வீடுகளில். மும்பை மழையில் தரைத்தளத்தை நம்பக்கூடாது.

சவுண்ட் மிக்ஸுக்கு ஸ்டுடியோ. ஹெட்போனில் சரியாகத் தோன்றும் பேட்டி, தியேட்டரில் ஃபேன் உறுமலோடு வரும். செலவைக் குறைக்க வழி, தயாராகப் போவது: பிக்சர் லாக் ஆன பிறகே, அதாவது இனி எடிட்டில் மாற்றமில்லை என்றான பிறகே, சவுண்ட் ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும் ஏஏஎஃப் ஃபைலை எடுங்கள், வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் இருபுறமும் சில விநாடி கூடுதல் ஒலி (ஹேண்டில்), ஒவ்வொரு லொகேஷனுக்கும் யாரும் பேசாத 30 விநாடி இடத்தின் ஒலி (ரூம் டோன்), படத்தின் முதல் ஃபிரேமுக்கு 2 விநாடி முன்னால் ஒரு ஃபிரேம் பீப். பீப் இல்லாவிட்டால், திரும்பி வரும் மிக்ஸ் படத்தோடு சிங்க்கில் (ஒத்து) இருக்கிறதா என்று உதடுகளைப் பார்த்துத்தான் தேட வேண்டும். லாக்குக்குப் பிறகு ஒரு ஷாட்டை வெட்டினாலும் அதற்குப் பின்னால் எல்லாமே நகரும், இன்னொரு ஷிஃப்ட் வாடகை.

கலர் திருத்தத்தை வீட்டிலேயே செய்யலாம், நிறம் சரியாகத் தெரியும்படி மானிட்டரைக் காலிபரேட் செய்திருந்தால். தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபியைத் தயாரிக்கும் டிசிபி-ஓ-மேட்டிக் மென்பொருள் இலவசம், ஆனால் அதில் போட்ட டிசிபியை ஒருமுறையாவது உண்மையான தியேட்டர் சர்வரில் ஓட்டிப் பாருங்கள்.