நார்வேயின் ஃபியோர்டுகளும் வடதீவுகளும்: கோடையில் எந்தக் கப்பலில் போவது?

நார்வேயின் மேற்குக் கரையையும் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள தீவுகளையும் கோடையில் நீர்வழியே காண விரும்புவோருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச்செல்லும் பெரிய சொகுசுக் கப்பலில் போகலாம். தென்மேற்கிலுள்ள பெர்கனிலிருந்து வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்கெனெஸ் வரை நாள்தோறும் ஓடும் கரையோரக் கப்பலில் போகலாம். அல்லது ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்து, தேவையான இடங்களில் மட்டும் உள்ளூர்ப் படகுகளில் ஏறிக்கொள்ளலாம். விளம்பரங்கள் இந்த மூன்றையும் ஒரே பயணத்தின் மூன்று விலைகளாகக் காட்டுகின்றன. உண்மையில் மூன்றும் காட்டும் நார்வே வெவ்வேறானது, எது எதைக் காட்டாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

முதலில் நிலவியலைப் பார்ப்போம். மலைகளுக்கு இடையே கடல் உள்ளே நீண்டு புகுந்த குறுகிய நீர்வழிகளே ஃபியோர்டுகள். அவற்றுள் புகழ்பெற்றவை பெரும்பாலும் ஸ்டாவாங்கர் முதல் ஓலெசுண்ட் வரையிலான தென்மேற்குப் பகுதியில், 59 முதல் 62 டிகிரி அட்சரேகைக்குள் அமைந்துள்ளன. நள்ளிரவிலும் சூரியன் மறையாத தீவுகளோ 66 டிகிரி 33 நிமிடக் கோட்டுக்கு வடக்கே இருக்கின்றன. பெர்கன் 60 டிகிரியில் இருப்பதால் அங்கு ஜூன் மாத இரவு மங்கலாக இருக்குமே தவிர, சூரியன் மறையாமல் இருப்பதில்லை. ஆகவே ஏழு இரவுப் பயணம் ஒன்று "ஃபியோர்டுகளும் நள்ளிரவுச் சூரியனும்" என்று சொல்லிக்கொண்டால், அதன் துறைமுகப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது.

பெரிய சொகுசுக் கப்பல்களின் வழக்கமான ஏழு இரவுப் பயணம் சவுதாம்ப்டன், கோபன்ஹேகன், ஹாம்பர்க், கீல் போன்ற துறைமுகங்களில் தொடங்கி அங்கேயே முடிகிறது. சவுதாம்ப்டனில் ஏறினால் வட கடலைக் கடப்பதற்கே போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு நாள் செலவாகிவிடும். எஞ்சிய நாட்களில் ஸ்டாவாங்கர், பெர்கன், ஓலெசுண்ட், கெய்ராங்கர், ஃப்ளோம், ஓல்டன் ஆகியவற்றுள் நான்கைந்து துறைமுகங்களைப் பார்க்கலாம். இவ்வளவு பெரிய கப்பல் மலையிடுக்குக்குள் நுழைய முடிவதற்குக் காரணம், பனியாறுகள் குடைந்த இந்தப் பள்ளத்தாக்குகளில் பாறைச்சுவர் நீருக்கடியிலும் செங்குத்தாகவே இறங்குகிறது என்பதுதான். 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சோங்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டரைத் தொடுகிறது. கடலோடு சேரும் வாயிலில்தான் அந்த ஆழம் வெகுவாகக் குறைகிறது.

இவ்வகைக் கப்பலின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகும் குடும்பத்துக்குப் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும் என்பது பெரிய வசதி. லிஃப்ட், மருத்துவர், பலவகை உணவு, மழை நாளில் பொழுதுபோக்கு எல்லாம் கப்பலிலேயே கிடைக்கும். சைவ உணவுக்கு மூன்று வழிகளுள் இதுவே மிக எளிது. நார்வேயின் சிற்றூர் உணவகங்களில் மீனையும் ஆட்டிறைச்சியையும் தவிர்ப்பவருக்கு உருளைக்கிழங்கும் ரொட்டியுமே மிஞ்சும் நாட்கள் உண்டு.

குறை, கரையில்தான் தெரியும். கெய்ராங்கர் கிராமத்தில் நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 250 பேர். கோடையில் ஒரே நாளில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள் வந்தால் அந்தச் சாலையில் நடக்கவே வரிசை வேண்டும். பெர்கன் நகரம் ஒரு நாளைக்கு இறங்கும் கப்பல் பயணிகளுக்கு 8,000 என்று வரம்பு விதித்ததும் இந்த நெரிசலால்தான். மேலும், மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது அருவியின் தலை தெரியும், அடி தெரியாது. பாறையின் ஈர வாசனையும் அருவியின் இரைச்சலும் சிறு படகில்தான் நெருங்கி வரும். கட்டணமும் முதலில் காணும் தொகையோடு நிற்பதில்லை: கரைச் சுற்றுலா, குடிவகை, பணியாளர் அன்பளிப்பு, இணையம் என்று ஒவ்வொன்றும் தனியாகச் சேர்ந்து, இறங்கும் நாளில் வரும் ரசீது பலரைத் திகைக்க வைக்கிறது.

கரையோரக் கப்பலின் கதை வேறு. 1893 ஜூலை 2 அன்று கேப்டன் ரிச்சர்ட் வித் தமது வெஸ்டெரோலன் என்னும் நீராவிக் கப்பலை ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட் நோக்கிச் செலுத்தியபோது, அது தபாலும் சரக்கும் பயணிகளும் போகும் சேவையாகவே தொடங்கியது. சாலையும் ரயிலும் எட்டாத ஊர்களுக்கு அதுவே உயிர்நாடி. அந்தச் சேவை இன்றும் அரசு ஒப்பந்தத்தின் கீழ் ஓடுகிறது. 2021 முதல் அந்த ஒப்பந்தத்தை இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன: ஹூர்டிக்ரூட்டன் ஏழு கப்பல்களையும் ஹாவிலா நான்கு கப்பல்களையும் இயக்குகின்றன. பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்கள். போக ஆறு இரவு, திரும்ப ஐந்து இரவு. கோடையோ குளிர்காலமோ, பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கப்பல் தன் நேரத்துக்குப் புறப்பட்டுவிடும்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் நிற்கும் நேரமே இந்தச் சேவையின் இயல்பைக் காட்டிவிடும். ட்ரோண்ட்ஹெய்ம், பூடோ, ட்ரொம்சோ, ஹொன்னிங்ஸ்வோக் போன்ற சில இடங்களில் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வரை கிடைக்கும். பெரும்பாலான இடங்களில் கால் மணி, அரை மணிதான். அதற்குள் சரக்குத் தட்டுகள் இறங்கும், உள்ளூர்க்காரர் ஒருவர் பையோடு ஏறுவார், கயிறு அவிழும். நடன அரங்கும் நாடகக் காட்சியும் எதிர்பார்ப்பவருக்கு இது சலிப்பாக இருக்கும். நீரையும் மலையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தெரிந்தவருக்கு இதற்கு ஈடான கப்பல் ஐரோப்பாவில் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கரையோரக் கப்பல் ஃபியோர்டுக் கப்பல் அன்று. அது பெரும்பாலும் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான நீர்வழியில்தான் செல்கிறது. சோங்னே ஃபியோர்டுக்குள் அது போவதே இல்லை. கோடை மாதங்களில், வடக்கு நோக்கிச் செல்லும்போது மட்டும், இரண்டாம் நாளில் கெய்ராங்கருக்குள் திரும்பிப் போகிறது. அங்கும் கப்பல் கரையில் கட்டப்படுவதில்லை, சுற்றுலா வாங்கியவர்கள் மட்டும் படகில் இறங்குகிறார்கள். வடக்கே லோஃபோட்டன் தீவுகளின் அருகே ராஃப்ட் நீரிணையும் அதிலிருந்து பிரியும் குறுகிய ட்ரோல் ஃபியோர்டும் அழகுதான் என்றாலும், அவை மேற்குக் கரையின் நீண்ட ஃபியோர்டுகளுக்கு மாற்றாக மாட்டா. "ஃபியோர்டு பார்க்கப் பன்னிரண்டு நாள் போனேன், கடலைத்தான் பார்த்தேன்" என்று குறைப்படுவோர் கப்பலைத் தவறாகத் தேர்ந்தவர்களே.

வடக்கில்தான் இந்தக் கப்பல் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் இடத்தில், வைக்கிங்கன் என்னும் சிறு பாறைத்தீவில், உலோக உருண்டைச் சின்னம் ஒன்று நிற்கிறது. பூடோவிலிருந்து வெஸ்ட் ஃபியோர்டைக் கடக்கும் மாலையில், லோஃபோட்டன் மலைத்தொடர் கடலிலிருந்து சுவராக எழுந்து வருவது தெரியும். பெயரில் ஃபியோர்டு இருந்தாலும் அது திறந்த கடல்தான், கப்பல் ஆடும். ஹொன்னிங்ஸ்வோக்கில் இறங்கிப் பேருந்தில் போனால் 71 டிகிரி 10 நிமிடத்தில் நிற்கும் நோர்ட்காப். கடல் மட்டத்திலிருந்து 307 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை. ஐரோப்பாவின் வடகோடி என்று அது பெயர் வாங்கியிருந்தாலும், அதற்கு மேற்கே உள்ள க்னிவ்ஷெல்லோடன் முனை சற்று கூடுதலாகவே வடக்கே நீண்டிருக்கிறது. அங்கே போக நெடுநேரம் நடக்க வேண்டும், ஆகவே கூட்டம் இல்லை.

அதற்கு அப்பால் கப்பல் நிற்கும் பாட்ஸ்ஃபியோர்டு, வார்டோ போன்ற மீன்பிடி ஊர்களைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடும். தமிழ் வாசகருக்கு அவை அப்படிக் கடக்கக்கூடியவை அல்ல. இலங்கையிலிருந்து நார்வே வந்த தமிழர் பலர் 1980களிலிருந்து ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைசெய்து, இந்த ஊர்களில் குடும்பமாக வாழ்ந்திருக்கிறார்கள். பின்னர் பலர் ஒஸ்லோ பக்கம் பெயர்ந்தனர்.

போவதும் வருவதும் சேர்த்து வாங்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வடக்கே போகும்போது இரவில் கடக்கும் துறைமுகங்களைத் திரும்பும்போது பகலில் கடக்குமாறு கால அட்டவணை அமைந்திருப்பதாகச் சொல்லி முழுச் சுற்றை விற்கிறார்கள். குளிர்காலத்தில் அது வலுவான வாதம். ஜூன், ஜூலையில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே எல்லா நேரமும் வெளிச்சம் என்பதால் அந்த வாதம் பாதி கரைந்துவிடுகிறது. விழித்திருக்க முடிகிறதா என்பது மட்டுமே மிச்சக் கேள்வி. துளையுள்ள டோர்க்ஹாட்டன் மலையையும் ஹெல்கெலாண்ட் கரையையும் வசதியான நேரத்தில் காண்பது தெற்கு நோக்கிய பயணத்தின் தனி லாபம். இருந்தாலும், கோடையில் வடக்கு நோக்கிய ஆறு இரவே சிறந்த பகுதி. கிர்கெனெஸிலிருந்து விமானத்தில் திரும்பிவிட்டு மிச்சமாகும் நாட்களை லோஃபோட்டனிலோ சோங்னே பகுதியிலோ செலவிடுவதே மேல். கேபின் இல்லாமல் ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்கு மட்டும் டிக்கெட் வாங்கவும் முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. பூடோவிலிருந்து லோஃபோட்டனிலுள்ள ஸ்வோல்வேர் வரை இப்படிப் போவது சிக்கனமான வழி.

சுற்றுச்சூழலைக் கருதுவோருக்கு இரு நிறுவனங்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஹாவிலாவின் கப்பல்கள் புதியவை. திரவ இயற்கை எரிவாயுவும் பெரிய மின்கலங்களும் கொண்டவை. கெய்ராங்கர் ஃபியோர்டை மின்கலத்தில் மட்டுமே ஓட்டிக் கடக்கக்கூடியவை. இயந்திரம் அடங்கியபின் அருவியின் ஓசை மட்டுமே கேட்கும் என்பதால், இது பயணியின் காதுக்கும் ஆதாயம். ஹூர்டிக்ரூட்டனின் பழைய கப்பல்களில் மரவேலையும் ஓவியங்களும் கொண்ட பழைய அழகு இருக்கிறது. யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுப் பகுதிகளில் 10,000 டன்னுக்குக் குறைவான கொள்ளளவுள்ள பயணிக் கப்பல்கள் 2026 தொடக்கம் முதல் உமிழ்வின்றி ஓட வேண்டும் என்றும், பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம் என்றும் நார்வே அரசு முடிவுசெய்திருக்கிறது. அதிகம் புகைக்கும் பெரிய கப்பலுக்குத்தான் அதிக அவகாசம் என்பது வேடிக்கையாக இல்லையா?

மூன்றாவது வழியான ரயிலும் படகும், ஃபியோர்டு என்ற ஒன்றுக்காகவே போகிறவருக்கு மற்ற இரண்டையும் விட மேலானது. ஒஸ்லோவிலிருந்து பெர்கன் ரயிலில் ஏறி, 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே நிலையத்தைக் கடந்து மிர்டாலில் இறங்கினால், அங்கிருந்து 20 கிலோமீட்டர் நீள மலைரயில் கடல் மட்டத்திலுள்ள ஃப்ளோமுக்கு இறங்குகிறது. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கன் வரை ஓசையற்ற மின்படகு இரண்டு மணி நேரத்தில் நேரோய் ஃபியோர்டைக் கடக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 250 மீட்டர். ஃப்ளோமுக்கு வரும் சொகுசுக் கப்பலோ அகன்ற ஆர்லாண்ட்ஸ் ஃபியோர்டு வழியாகவே வந்து அதே வழியில் திரும்புகிறது. கெய்ராங்கரிலும் இப்படித்தான்: ஹெல்லெசில்ட் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் கார்ப் படகு, ஏழு சகோதரிகள் அருவியையும், சுமார் 250 மீட்டர் உயரப் பாறைத்திட்டில் தொங்கும் ஸ்காகெஃப்ளோ என்ற கைவிடப்பட்ட பண்ணையையும் அருகிலிருந்து காட்டுகிறது. மாலையில் பெரிய கப்பல்கள் கிளம்பிய பின் ஊரில் தங்கியிருப்பவருக்கு மட்டுமே அந்த ஃபியோர்டு தன் அமைதியோடு கிடைக்கும். பெட்டி தூக்குவதும், அறை வாடகையும், மழையும் இந்த வழியின் விலை. பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது.

எந்த மாதம் என்பதும் இந்த ஒப்பீட்டில் அடங்கும். பனி உருகும் மே கடைசியிலும் ஜூனிலும் அருவிகள் நிறைந்து விழும். ஆகஸ்டில் ஏழு சகோதரிகளில் சிலர் மெலிந்து காணாமலே போவதுண்டு. நோர்ட்காப்பில் மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதி வரை சூரியன் மறையாது. லோஃபோட்டனில் அந்தக் காலம் இன்னும் குறுகியது. இரண்டும் சேர்ந்து கிடைக்க ஜூன் மாதமே பொருத்தம்.

இவற்றுக்கு அப்பால், இன்னும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் உண்டு. 2025 தொடக்கம் முதல் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. ஆகவே ஸ்வால்பார்ட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கும் பெரிய கப்பல் பெரும்பாலும் லாங்யர்பியன் ஊரைக் காட்டிவிட்டுத் திரும்பும் என்றே கொள்ள வேண்டும்; பனிக்கரடியும் பனியாற்று முகப்பும் வேண்டுமானால் சிறிய ஆய்வுக்கப்பலே வழி, கட்டணமும் பல மடங்கு. டென்மார்க்குக்கு உரிய ஃபாரோ தீவுகளுக்கு, ஹிர்ட்ஸ்ஹால்ஸ் என்னும் டென்மார்க் துறைமுகத்திலிருந்து அத்தீவுகள் வழியாக ஐஸ்லாந்து வரை ஓடும் நோரோனா கப்பல் இருக்கிறது. அது தனிப் பயணமாகத் திட்டமிட வேண்டியது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பணம் கட்டும் முன் விசாவைச் சரிபார்க்க வேண்டும். சவுதாம்ப்டனில் ஏறும் பயணத்துக்கு பிரிட்டன் விசாவும், நார்வே உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் தேவைப்படும்; கோபன்ஹேகனிலோ பெர்கனிலோ ஏறினால் ஷெங்கன் ஒன்றே போதும். ஸ்வால்பார்ட் நார்வேக்கு உரியதாயினும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஒஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப இருமுறை நுழைவு அனுமதி வேண்டும். ஃபாரோ தீவுகளுக்கு, அங்கும் செல்லும் என்று குறிப்பிட்ட டென்மார்க் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே ஷெங்கன் விண்ணப்பம் ஏற்கப்படும் என்பதால், ஜூன் பயணத்துக்கு டிசம்பரிலேயே தொடங்கலாம். கரையோரக் கப்பலில் ஜூன் மாதக் கேபின்கள் அதற்கும் முன்பே நிறையத் தொடங்கிவிடுகின்றன.