கூட்டு உருவாக்கமா, கம்பெனி டாங்கியா, உரிம உற்பத்தியா? அடுத்த தலைமுறை டாங்கிக்கான மூன்று வழிகள்

லெப்பர்ட் 2 டாங்கி ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்தது 1979இல். பிரான்சின் லெக்லெர்க் 1990களில் வந்தது. இரண்டையும் பலமுறை மேம்படுத்தியாகிவிட்டது. புதிய லெப்பர்ட் 65 டன்னைத் தாண்டிவிட்டது. இனி ஏற்றும் ஒவ்வொரு கவசத் தட்டும் பாலம், ரயில் வேகன், மீட்பு வண்டி என மூன்று இடங்களில் சிக்கலைக் கொண்டுவரும். ஆகவே புதிய வண்டி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் செய்வது என்பதில்தான் ஐரோப்பா பிரிந்து கிடக்கிறது.

கண்ணெதிரே மூன்று வழிகள் நடந்துகொண்டிருக்கின்றன. பிரான்சும் ஜெர்மனியும் வெற்றுத் தாளிலிருந்து சேர்ந்து வரையும் எம்ஜிசிஎஸ் (முதன்மைத் தரைப்போர் அமைப்பு) ஒன்று. ஜெர்மன் ஆயுதக் கம்பெனியான ரைன்மெட்டால் தன் பணத்தில் வண்டியைக் காட்டி, பிறகு ஹங்கேரி, இத்தாலி போன்ற கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்ட கேஎஃப்51 பாந்தர் இன்னொன்று. தென்கொரியாவின் கே2 டாங்கியை முதலில் நேரடியாக வாங்கி, பிறகு சொந்த மண்ணில் பூட்டத் தொடங்கும் போலந்து மூன்றாவது.

எம்ஜிசிஎஸ்: பங்கீடே பெரிய பொறியியல்

2012இல் பேச்சு தொடங்கியது. 2015இல் டாங்கிக் கம்பெனிகளான ஜெர்மனியின் கேஎம்டபிள்யூவும் பிரான்சின் நெக்ஸ்டரும் சேர்ந்து கேஎன்டிஎஸ் ஆனபோது பங்கு சரிபாதி. கணக்கு எளிமையாக இருந்தது. 2019இல் ரைன்மெட்டால் உள்ளே வந்ததும் அது குலைந்தது. மூன்று கம்பெனிகளுக்கும் சமமாகக் கொடுத்தால் ஜெர்மனிக்கு மூன்றில் இரண்டு பங்கு. நாட்டுக்கு நாடு சமமாகக் கொடுத்தால் இரண்டு ஜெர்மன் கம்பெனிகள் ஒரே பாதியைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த சில ஆண்டுகளின் தாமதத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது. டாங்கியின் வடிவம் அதற்குக் காரணமல்ல.

2024 ஏப்ரலில் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தம் வேலையை எட்டுத் தூண்களாகப் பிரித்தது: தளம், பீரங்கி, ஏவுகணை போன்ற கூடுதல் ஆயுதம், தகவல் தொடர்பு, உருவகப் பயிற்சி, உணரிகள், பாதுகாப்பு, பராமரிப்புக் கட்டமைப்பு. 2025இல் கொலோனில் திட்டக் கம்பெனி உருவானது. கேஎன்டிஎஸ் ஜெர்மனி, கேஎன்டிஎஸ் பிரான்ஸ், ரைன்மெட்டால், பிரெஞ்சுக் கம்பெனியான தாலெஸ் ஆகிய நான்குக்கும் தலா 25 சதவீதம். தாலெஸ் உள்ளே வந்ததால் நாட்டுக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் மறுபடி பொருந்தின. வண்டி படைக்கு வர முதலில் 2035 என்று சொன்ன தேதி இப்போது 2040க்கு அப்பால் போய்விட்டது.

இதில் இரு நாடுகளின் அவசரமும் ஒன்றல்ல. லெக்லெர்க் உற்பத்தி வரிசை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிரான்சிடம் இருப்பது சுமார் 200 வண்டிகள்தான், அவற்றை எக்ஸ்எல்ஆர் தரத்துக்கு மேம்படுத்தி 2040 வரை இழுக்க வேண்டும். ஜெர்மனியிலோ லெப்பர்ட் வரிசை திறந்திருக்கிறது. 2023இல் 18, அடுத்த ஆண்டு 105 என்று லெப்பர்ட் 2ஏ8க்கு ஆர்டர் கொடுத்தது. நார்வே, நெதர்லாந்து, சுவீடன், செக், லித்துவேனியா எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன. கையில் ஓடும் தொழிற்சாலை உள்ளவன் காத்திருக்க முடியும், இல்லாதவனால் முடியாது. கூட்டுத் திட்டத்தில் யார் எப்போது விட்டுக்கொடுப்பார் என்பதை இது ஒன்றே பெருமளவு தீர்மானிக்கிறது.

பீரங்கி: பிரிவினை இங்கேதான் நடக்கும்

தூண்களில் இரண்டாவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இன்றைய 120 மி.மீ. பீரங்கியின் பெரிய பலன், நேட்டோவின் பொதுத் தரத்துக்கு ஏற்றதாக இருப்பது. லெக்லெர்க்கும் லெப்பர்டும் ஒரே வகைக் குண்டைச் சுட முடியும். கவசம் துளைக்கும் குண்டு ஒன்றின் எடை சுமார் 21 கிலோ. பயிற்சி பெற்ற ஒரு ஆள் குலுங்கும் வண்டிக்குள் அதைக் கையால் ஏற்றுகிறார். லெப்பர்ட் அப்படித்தான், நான்கு பேர் கொண்ட குழு.

ரைன்மெட்டாலின் 130 மி.மீ. 2016இல் காட்சிக்கு வந்தது. குண்டு ஏறக்குறைய 30 கிலோ, நீளம் 1.3 மீட்டர். இதைக் கையால் ஏற்ற முடியாது. எனவே குண்டைத் தானே ஏற்றும் ஆட்டோலோடர் கட்டாயம், குழு மூன்றாகக் குறையும். பாந்தரில் சுழல் உருளைகளில் தயாராக இருப்பவை 20 குண்டுகள். லெப்பர்ட் 2 மொத்தம் 42 குண்டுகளைத் தூக்கும், அதில் 15, பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதியான டரட்டின் பின்பக்கத்தில் இருக்கும். பெரிய குண்டு வேண்டுமென்றால் எண்ணிக்கை குறையும், வேறு வழியில்லை. இன்னொன்றும் உண்டு: மூன்று பேர் குழுவில் டிராக் கழன்றால், ஒருவர் காவல் நிற்க மீதி இருவர்தான் அந்தச் சங்கிலியைத் திரும்பப் பூட்ட வேண்டும். நாலாவது ஆளின் மதிப்பு குண்டேற்றுவதில் மட்டும் இல்லை என்பது களத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

பிரெஞ்சுத் தரப்பின் அஸ்கலான் 140 மி.மீ. இதில் குண்டுமுனை வெடிமருந்து உறைக்குள் புதைந்திருக்கும். அதனால் விட்டம் கூடினாலும் நீளம் 1.3 மீட்டருக்குள் அடங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் நடந்த 140 மி.மீ. சோதனைகளில் குண்டு நீண்டு இரண்டு துண்டானது. அந்தப் பழைய தொல்லைக்கு இது நல்ல விடை. அதே பீரங்கிப் பின்பகுதியில் 120 குழாயையும் பொருத்தலாம் என்கிறார்கள். 2024இல் லெக்லெர்க் எவொல்யூஷன் வண்டியில் 120 வடிவத்தைக் காட்டினார்கள்.

எது வெல்லும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பொறியியல் என்று பார்த்தால் எங்கள் சாய்வு அஸ்கலான் பக்கம்: மாற்றுக் குழாய் வசதி, இரண்டாவது வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் 130க்கு ஒரு நடைமுறை அனுகூலம் உண்டு, அதைத் தாங்கும் வண்டி ஏற்கெனவே விற்பனைக்கு நிற்கிறது. இரண்டும் தனித்தனியாகப் படைக்குள் போய்விட்டால், அரை நூற்றாண்டாகச் சேர்த்து வைத்த குண்டுப் பொதுமை போய்விடும். கிடங்கு, பயிற்சிக் குண்டு, குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸ், சோதனைக் கருவி எல்லாம் இரண்டிரண்டாகும்.

பாந்தர்: வண்டி இருக்கிறது, படை இல்லை

2022 ஜூனில் பாரிஸ் கண்காட்சியில் வந்த கேஎஃப்51, 59 டன். டரட் புதிது, காட்சி வண்டியின் அடிப்பகுதி லெப்பர்ட் 2 வழி வந்தது. அதனால் ஓட்டுநர் பயிற்சி, எஞ்சின், உதிரிபாகம் தெரிந்தவை, ஆபத்து குறைவு. 2023 டிசம்பரில் ஹங்கேரி சுமார் 28.8 கோடி யூரோ கொடுத்து உருவாக்கத்தை முடிக்கச் சொன்னது. இத்தாலி முதலில் லெப்பர்ட் 2ஏ8 பக்கம் போனது. உள்நாட்டுக் கருவிகளை எவ்வளவு பொருத்துவது என்பதில் இத்தாலிய ஆயுதக் கம்பெனியான லியொனார்டோவும் கேஎன்டிஎஸ்ஸும் உடன்படாமல் 2024 ஜூனில் பேச்சு முறிந்தது. சில மாதங்களில் லியொனார்டோ ரைன்மெட்டாலுடன் சரிபாதிக் கூட்டு நிறுவனம் அறிவித்தது.

இந்த முறிவு சொல்லும் பாடம் முக்கியம். இத்தாலி கேட்டது வேறு டாங்கி அல்ல, டாங்கிக்குள் தன் இலக்கு நோக்கி, தன் ரேடியோ, தன் மென்பொருள். விற்பவரின் மின்னணுக் கட்டமைப்பு மூடியதாக இருந்தால் அது ஒவ்வொன்றும் தனி ஒப்பந்தம், தனிச் சோதனை ஆகிவிடும். கம்பெனி முன்னின்று செய்யும் டாங்கியில் வேகம் கிடைக்கும். ஆனால் மேம்பாட்டின் சாவி கம்பெனியிடம் இருக்கும். 130 குண்டுக்கும் இப்போதைக்கு ஒரே கடைதான்.

கே2: வேகம் உறுதி, ஆழம் பேரத்துக்கு

போலந்து 2022 ஆகஸ்ட் இறுதியில் 180 கே2வுக்குக் கையெழுத்திட்டது. டிசம்பரில் முதல் பத்து வண்டிகள் க்தினியா துறைமுகத்தில் இறங்கிவிட்டன. ஐரோப்பாவில் யாராலும் அந்த வேகத்துக்கு அருகில் வர முடியவில்லை. 55 டன், 1,500 குதிரைத்திறன், 120 மி.மீ. பீரங்கி, டரட்டின் பின்புறம் 16 குண்டு ஆட்டோலோடர், மூன்று பேர் குழு.

ஆனால் இரண்டாவது ஒப்பந்தத்துக்கு 2025 ஆகஸ்ட் வரை மூன்றாண்டு ஆனது. மதிப்பு சுமார் 650 கோடி டாலர். 180 வண்டிகளில் 61 மட்டும் கிளிவீட்சேயில் உள்ள பூமார் ஆலையில் உருவாகும். வாங்குவது மூன்று மாதம், செய்யக் கற்பது மூன்று வருடப் பேச்சு.

கே2வின் உள்ளே ஒரு பாகத்தைத் திறந்து பார்த்தால் உரிம வழியின் பலவீனம் புரியும். கொரியப் படைக்கான முதல் தொகுதி 100 வண்டிகள் ஜெர்மன் எம்டியு எஞ்சினும் ரெங்க் கியர்பாக்ஸும் பூட்டி வந்தன. கொரிய பவர்பேக்குக்கு, அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த தொகுதிக்கு, 320 மணி நேரம், 9,600 கி.மீ. பழுதின்றி ஓடும் சோதனை வைத்தார்கள். எஞ்சின் தேறியது, கொரிய கியர்பாக்ஸ் தேறவில்லை. எனவே அடுத்த தொகுதி கொரிய எஞ்சினும் ஜெர்மன் கியர்பாக்ஸுமாகக் கலந்து வந்தது. அதாவது அந்த கியர்பாக்ஸோடு கே2வை விற்க பெர்லினின் அனுமதியும் தேவை. துருக்கி அதை வேறு விதமாக அனுபவித்தது: ஆல்டாய் டாங்கிக்கு ஜெர்மன் பவர்பேக் கிடைக்காமல் பல ஆண்டுகள் நின்று, கடைசியில் கொரிய எஞ்சினையும் அதே கொரிய கியர்பாக்ஸையும் பூட்டியது. ஆவடியும் இந்தச் சங்கடத்தை அறியும். 2021இல் 118 அர்ஜுன் மார்க் 1ஏ ஆர்டர் கிடைத்தும், 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் எஞ்சின் வழங்கல் அந்த வேலையைப் பின்னுக்கு இழுத்தது; 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் மைசூரில் முதன்முதலாக இயங்கியது 2024 மார்ச்சில்தான்.

பிரான்சும் ஜெர்மனியும் இதைத் தெரிந்துதான் 2019இல் ஏற்றுமதி உடன்பாடு செய்தன. கூட்டுத் திட்டத்துக்கு வெளியே, மறுநாட்டுப் பாகத்தின் மதிப்பு 20 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகத் தடுப்பதில்லை என்பது விதி. கியர்பாக்ஸ் மதிப்பில் சிறியது, வண்டியை நிறுத்துவதில் பெரியது.

முறிந்ததும் நின்றதும்

1963இல் அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் தொடங்கிய எம்பிடி-70ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்க பாகங்கள் சேரும் இடங்களில் மெட்ரிக் திருகு என்று கூட ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு எஞ்சின், இரண்டு பீரங்கி விருப்பம். அமெரிக்கர்களுக்கு ஏவுகணையும் சுடும் 152 மி.மீ.; ஜெர்மானியர்களுக்கு 120 மி.மீ. டரட்டுக்குள் எதிர்த்திசையில் சுழலும் கூட்டில் உட்கார்ந்த ஓட்டுநருக்குத் திசை குழம்பியது. வண்டி ஒன்று 10 லட்சம் டாலரை நெருங்கியது. 1970 தொடக்கத்தில் ஜெர்மனி விலகியது, 1971இல் அமெரிக்க காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. மிச்சத்திலிருந்து லெப்பர்ட் 2ம் ஆப்ராம்ஸும் தனித்தனியே பிறந்தன. 1980இல் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து டாங்கி செய்ய எடுத்த முயற்சி 1982இல் நின்றது. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி சேர்ந்த எஸ்பி-70 பீரங்கி வண்டியும் முடியவில்லை.

பாக்சர் எட்டுச் சக்கர வண்டி மட்டும் ஏன் பிழைத்தது? பிரான்ஸ் 1999இல் போனது. பிரிட்டன் 2003இல் போனது, 2018இல் திரும்பி வந்து அடுத்த ஆண்டே 500க்கு மேல் ஆர்டர் கொடுத்தது. இத்தனை வெளியேற்றத்தையும் தாங்கியது, அதன் இரு பகுதி அமைப்பு. கீழே ஓட்டும் பகுதி: எஞ்சின், ஸ்டியரிங், சக்கரம். மேலே பணிப் பகுதி: ஆம்புலன்ஸ், கட்டளை மையம், பீரங்கி டரட், எதுவானாலும். நான்கு இணைப்புப் புள்ளிகள். கிரேன் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றலாம். ஒரு நாடு தன் பணிப் பகுதியில் என்ன பிடிவாதம் பிடித்தாலும் கீழ்ப்பகுதியின் வரைபடம் மாறுவதில்லை. ஆஸ்திரேலியா தன் தேவைக்கு வடிவமைத்த பீரங்கி வண்டியை ஜெர்மனியே 123 எண்ணிக்கையில் வாங்குகிற அளவுக்கு அது வேலை செய்கிறது.

2030களின் தொடக்கத்திலேயே படைப்பிரிவு நிரம்ப வேண்டிய நாட்டுக்கு கே2 வகை உரிமம்தான் சரி; ஆனால் கியர்பாக்ஸ், பீரங்கிக் குழாய், மென்பொருள் மூலக்குறியீடு ஆகிய மூன்றின் உரிமையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும், இரண்டாவதில் கேட்டால் விலை வேறு. லெப்பர்ட் தொழிற்சாலைப் பழக்கம் உள்ள நாட்டுக்கு பாந்தர் பொருந்தும். எம்ஜிசிஎஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதன் பொறியாளர்கள் முதலில் பூட்டி முத்திரை வைக்க வேண்டியவை: டரட் வளைய விட்டம், பவர்பேக் அறையின் அளவும் குளிரூட்டும் திறனும், 28 வோல்ட் மின்சாரத்துக்கு மேல் எவ்வளவு உயர் மின்னழுத்தம், நேட்டோவின் பொது வாகன மின்னணுக் கட்டமைப்பின் எந்தப் பதிப்பு, 130க்கும் 140க்கும் சேர்ந்து இடம் தரும் குண்டுப் பெட்டியின் அளவு. பீரங்கி எது என்ற சண்டை அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு நடந்தாலும் வண்டியின் வரைபடம் நிற்காது.